"வர வேண்டாம்" என்று டச்சில் எழுதப் போய் வம்பில் மாட்டிக்கொண்டேன்: மஃக், மூட், ஹூஃப்ட் யாராவது விளக்குங்கள்

நீலச்சைக்கிள் எழுதியது:

வணக்கம். அமர்ஸ்ஃபோர்ட்டில் இருக்கிறேன், நெதர்லாந்துக்கு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. கணவர் டச்சுக் குடியுரிமை வாங்கியவர் என்பதால் எனக்கு இன்பர்கரிங், அதாவது குடியேறுபவர்களுக்கான மொழி, சமூகத் தேர்வு, கட்டாயம். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டப்படி டச்சில் பி1 என்கிற இடைநிலை வரை ஏற வேண்டும். ஏறிக்கொண்டுதான் இருந்தேன், போன வாரம் சறுக்கிவிட்டது.

எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. தரைத்தளத்தில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். வயது 81, வலது முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனவர். இந்தக் கட்டடத்தில் என்னோடு டச்சில் மட்டுமே பேசுகிற ஒரே ஆள் அவர்தான். மற்றவர்கள் நான் ஒரு வாக்கியம் தடுமாறினாலே ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். மகளின் இரண்டாவது பிறந்தநாளுக்குப் பாட்டியை அழைத்திருந்தேன். அன்று காலை வாட்ஸ்அப்பில் கேட்டார்: "ஹூ லாட் ஸல் இக் கோமன்?" எத்தனை மணிக்கு வரட்டும் என்கிறார். எனக்கு உடனே அந்தப் படிக்கட்டு ஞாபகம் வந்தது. கேக்கைக் கீழே நாமே கொண்டுபோய்விடலாமே என்று தோன்றியது. "நீங்கள் வர வேண்டாம், நானே வருகிறேன்" என்று எழுதுவதாக நினைத்துக்கொண்டு இப்படி அனுப்பினேன்:

"யூ மஃக் நீட் கோமன். இக் கொம் நார் யூ."

இரண்டு நீல டிக் விழுந்தது. ரொம்ப நேரம் கழித்து "ஓ. கூட்." என்று பதில். கூட் என்றால் நல்லது, எனவே நானும் நல்லது என்று இருந்துவிட்டேன். சாயங்காலம் கேக்கோடு போய் மணியடித்தால் கதவு பாதிதான் திறந்தது. தட்டை வாங்கிக்கொண்டார், உள்ளே கூப்பிடவில்லை. இரவு என் கணவர் அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "நீங்கள் வரக்கூடாது" என்று ஒரு 81 வயது அம்மாவுக்கு எழுதியிருக்கிறேனாம். "ஹூஃப்ட் நீட் டெ கோமன்" என்று எழுதியிருக்க வேண்டுமாம். ஏன் என்று கேட்டால், "அப்படித்தான் சொல்வார்கள்" என்கிறார். பதினைந்து வருடம் இங்கே இருப்பவரிடம் இலக்கணம் கேட்டது என் தப்பு.

வகுப்பில் ஒரு தாள் கொடுத்தார்கள். குன்னன் என்றால் கேன், மோகன் என்றால் மே, மூட்டன் என்றால் மஸ்ட், வில்லன் என்றால் வான்ட், ஸுல்லன் என்றால் ஷால். ஐந்தே வரி. வாக்கியத்தில் இவை கன், மஃக், மூட், வில், ஸல் என்று மாறும், நீட் சேர்ந்தால் எதிர்மறை. மோகனும் வில்லனும் ஒரே தாளில் இருந்ததால் சிரித்துக்கொண்டே மனப்பாடம் ஆகிவிட்டது. ஹூஃப்ட்டுக்கு மூலமான ஹூவன் அந்தத் தாளிலேயே இல்லை.

வர வேண்டாம், வரக்கூடாது, வர வேண்டியதில்லை, இதெல்லாம் டச்சில் எது எது? அதைவிட அவசரம், பாட்டிக்கு இப்போது என்ன எழுதுவது?


பின்னிரவு ஷிஃப்ட் எழுதியது:

தங்கச்சி, முதலில் பாட்டி விஷயத்தை முடியுங்கள். இதை அப்படியே அனுப்புங்கள்: "இக் பெடூல்ட: யூ ஹூஃப்ட் நீட் டெ கோமன், வன்ட் டெ ட்ரப் இஸ் ஸோ ஸ்டெய்ல். யூ பென்ட் அல்டெய்ட் வெல்கொம்." நான் சொல்ல வந்தது, நீங்கள் சிரமப்பட்டு வர வேண்டியதில்லை, படிக்கட்டு செங்குத்தாக இருக்கிறதே என்றுதான், நீங்கள் எப்போது வந்தாலும் சந்தோஷம். அனுப்பிவிட்டு மீதியைப் படியுங்கள்.

நான் டோர்ட்ரெக்ட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறேன், பெரும்பாலும் இரவுப்பணி. என் டச்சு முழுக்க எண்பது, தொண்ணூறு வயதுக்காரர்களிடம் கற்றது. அந்த ஆங்கிலத் தாள் எனக்கும் கொடுத்தார்கள். தமிழில் நினைத்து, ஆங்கிலத்தில் தேடி, டச்சில் சொல்லி இரண்டு வருடம் வீணாகப் போனது. ஒருநாள் இரவு மூன்று மணிக்கு ஓர் அம்மா மணியடித்தார். போனேன். "ஹெட் ராம் வில் நீட் டிஃக்ட்" என்றார். ராம் என்றால் சன்னல், டிஃக்ட் என்றால் மூடியிருப்பது. சன்னலுக்கு ஏது விருப்பம், இது எப்படி வில்லன் என்று குழம்பிக்கொண்டே போய் இழுத்துப் பார்த்தேன், நகரவில்லை. "சாத்த மாட்டேங்குதே" என்று என் வாயிலிருந்து தமிழில் வந்தது. அங்கேயே நின்றுவிட்டேன். அந்த அம்மா சொன்னதும் அதையேதான்! நமக்கும் சன்னல் மாட்டேன் என்கிறது, கார் கிளம்ப மாட்டேன் என்கிறது, அவர்களுக்கும் அப்படியே. அன்றிலிருந்து ஆங்கிலத்தை நடுவில் நிறுத்துவதை விட்டுவிட்டேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். நம் வினைமுடிவுகளிலிருந்து நேராக டச்சுக்குப் போங்கள், பாதி வேலை முடிந்திருக்கும்.

இப்போது உங்கள் வேண்டாம். உங்களைக் கவிழ்த்தது டச்சு இல்லை, இந்தத் தமிழ்ச் சொல்தான். ஒரே சொல் மூன்று வேலை பார்க்கிறது. "டீ வேண்டாம்" என்பது மறுப்பு. "நீங்கள் வர வேண்டாம், நானே வருகிறேன்" என்பது அவசியமில்லை என்கிற கரிசனம். "அந்தப் பக்கம் போக வேண்டாம், வழுக்கும்" என்பது எச்சரிக்கை. நமக்குக் குரலிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். டச்சுக்காரர்கள் மூன்றுக்கும் வேறு வேறு பாதை வைத்திருக்கிறார்கள்.

நான் புதிதாக வேலைக்கு வரும் நம் பிள்ளைகளுக்கு ஒரு சோதனை சொல்லிக்கொடுப்பேன். வேண்டாம் வருகிற இடத்தில் "வேண்டியதில்லை" என்று போட்டுப் பாருங்கள். பொருள் கெடாமல் நின்றால் அது ஹூவன்: "யூ ஹூஃப்ட் நீட் டெ கோமன்." "கூடாது" என்று போட்டால்தான் பொருந்துகிறது என்றால் மோகன்: "யூ மஃக் ஹீர் நீட் ரோகன்", இங்கே புகைபிடிக்கக்கூடாது. அது விதி, உத்தரவு, யாரோ ஒருவர் அனுமதி மறுக்கிறார். நீங்கள் பாட்டிக்கு எழுதியது இதைத்தான். வழுக்கும் என்கிற மாதிரி அறிவுரை என்றால் மூட் நீட்: "யெ மூட் டார் நீட் லோபன், ஹெட் இஸ் க்ளட்." "முடியாது" என்றால் சந்தேகமே வேண்டாம், கன் நீட். மோகனை நல்லவன் என்று நினைத்தீர்கள் பாருங்கள், நீட் சேர்ந்தால் அவன்தான் காவல்காரன்.

ஹூவன் பற்றி இன்னும் இரண்டு விஷயம். மற்ற ஐந்துக்கும் பின்னால் வினை வெறுமனே வரும், இதற்கு மட்டும் டெ போட வேண்டும். அப்புறம் இது தனியாக உடன்பாட்டில் நிற்காது. "நான் போக வேண்டும்" என்பதற்கு "இக் ஹூஃப் டெ கான்" என்று சொன்னால் யாருக்கும் புரியாது, அங்கே மூட்தான். நீட், கேன் (இது ஆங்கிலக் கேன் இல்லை, டச்சில் 'எதுவும் இல்லை') மாதிரி எதிர்மறை ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் "மட்டும்" என்கிற பொருளில் ஏதாவது வேண்டும். "யெ ஹூஃப்ட் அலேன் மார் டெ டேகனன்" என்று என் மேலாளர் காகிதத்தை நீட்டினார். நம் வாயில் "கையெழுத்து மட்டும் போட்டால் போதும்." இந்தப் "போதும்" வருகிற இடமெல்லாம் ஹூவன் உட்காரும்.

வேண்டும் அவ்வளவு மோசம் இல்லை, ஆனால் அதிலும் ஒரு பிளவு இருக்கிறது. "எனக்கு வீட்டுக்குப் போகணும்" என்று குழந்தை அழுதால் அது ஆசை, இக் வில் நார் ஹௌஸ். "நான் வீட்டுக்குப் போகணும், மணி ஆச்சு" என்றால் கட்டாயம், இக் மூட் நார் ஹௌஸ். எனக்கு என்று தொடங்கினால் வில், நான் என்று தொடங்கினால் மூட். எல்லா இடத்திலும் பலிக்காது, பத்தில் எட்டு இடத்தில் பலிக்கும். இன்னொன்றும் கவனித்தீர்களா, இரண்டு டச்சு வாக்கியத்திலும் "போ" என்கிற வினையே இல்லை. எங்கே என்று சொல்லிவிட்டால் போவது புரிந்துவிடும். எங்கள் இல்லத்தில் ஓர் இரவில் நான் அதிகம் கேட்கிற வாக்கியம் "இக் மூட் நார் டெ வேசே", கழிப்பறைக்கு. அந்த நேரத்தில் முழு வாக்கியத்துக்கு யாருக்குப் பொறுமை?

ஸுல்லன்தான் எனக்குப் பிடித்தது. ஷால் என்று தாளில் எழுதியிருப்பதால் நாம் எல்லா எதிர்காலத்துக்கும் இதைப் போட்டுவிடுகிறோம். நாளை வருகிறேன் என்பதற்கு "இக் கொம் மோர்கன்" போதும். "இக் ஸல் மோர்கன் கோமன்" என்றால் ஏதோ சத்தியம் செய்வது மாதிரி இருக்கும். ஸுல்லனுக்கு உண்மையான வேலை வேறு. உங்கள் பாட்டி எழுதியதைப் பாருங்கள், "ஸல் இக் கோமன்", அதற்கு நீங்களே "வரட்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். யாரும் சொல்லித்தராமல் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். "ஸல் இக் ஹெட் லிஃக்ட் அவுட்டூன்?" விளக்கை அணைக்கட்டுமா? "ஸுல்லன் வெ கான்?" போகலாமா? அந்த ட்டுமா, லாமா இரண்டும் இதற்குள் இருக்கின்றன.

அடுத்தது ஸல் வெல். "அவர் இப்போது வீட்டில்தான் இருப்பார்" என்கிறோமே, இருப்பார் என்பது எதிர்காலமா? இல்லை, இப்போது நடப்பதைப் பற்றிய ஊகம். "ஹெய் ஸல் வெல் டௌஸ் ஸெய்ன்." அச்சு அசல் அதே. மூன்றாவது ஸவ், ஸுல்லனின் இறந்தகால வடிவம். எங்கள் ஷிஃப்ட் குறிப்பில் "மெவ்ரௌ ஸவ் கிஸ்டரன் கெவல்லன் ஸெய்ன்" என்று எழுதியிருந்தால், அம்மா நேற்று விழுந்துவிட்டாராம் என்று பொருள். எழுதியவர் கண்ணால் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள். அந்த ஒரு ஸவ்வை விட்டுவிட்டு எழுதினால் நான் பார்த்ததாக ஆகிவிடும், மறுநாள் மருத்துவர் என்னிடம் வந்து எப்படி விழுந்தார் என்று கேட்பார். இங்கே செய்தித்தாள்களிலும் உறுதியாகாத தகவலுக்கு இந்த ஸவ் வரும். "ஆம்" என்று கடைசியில் ஒட்டி நாம் ஒரே எழுத்தில் முடிக்கிற வேலை.

சொல்வரிசைக்கு நீங்கள் பயப்படவே வேண்டாம். "நாளை ஒன்பது மணிக்கு உத்ரெக்ட்டில் இருக்க வேண்டும்" என்பதில் வேண்டும் மட்டும் பிடுங்கி முன்னால் நட்டுவிடுங்கள்: "இக் மூட் மோர்கன் ஓம் நேகன் யூர் இன் யூட்ரெஃக்ட் ஸெய்ன்." நடுவில் இருப்பதெல்லாம் நம் வரிசையிலேயே இருக்கிறது, முதன்மை வினை கடைசியில் இருக்கிறது. ஆங்கிலேயர்கள் இதற்குத்தான் முழி பிதுங்குவார்கள்.


நீலச்சைக்கிள் எழுதியது:

அக்கா, அனுப்பிவிட்டேன். இன்னும் பதில் இல்லை, டிக் மட்டும் நீலமாகிவிட்டது. "போதும்" விஷயத்தை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

இன்னொரு அசிங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் பல் மருத்துவரிடம் போனேன். உதவியாளர் நாற்காலியைக் காட்டி, "யூ மஃக் ஹீர் கான் ஸிட்டன்" என்றார். நீங்கள் இங்கே உட்காரலாம் என்று அனுமதி தருகிறார், எனக்கு வலியும் இல்லை களைப்பும் இல்லை, எதற்கு என்று "நேய், டங்க் யூ" சொல்லிவிட்டு நின்றுகொண்டிருந்தேன். அவர் கையுறையைப் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகுதான் அது சிகிச்சை நாற்காலி என்று உறைத்தது. உட்கார் என்று சொல்ல மூட் போட வேண்டாமா? ஏன் மஃக்?

அப்புறம், முடிந்தது, முடியவில்லை, வேண்டியிருந்தது என்று நடந்து முடிந்ததைச் சொல்லும்போது வகுப்பில் காட்டுகிற வாக்கியங்களில் இரண்டு வினையும் வடிவம் மாறாமல் அப்படியே பச்சையாக நிற்கிறது. அதையும் முடிந்தால் சொல்லுங்கள்.


ஸ்கெல்ட் கரை எழுதியது:

அக்கா சொன்னதெல்லாம் சரி, எல்லை தாண்டாத வரைக்கும். நான் முதலில் ப்ரேடாவில் இருந்தேன், டச்சு அங்கேதான் படித்தேன். பிறகு எல்லைக்கு அந்தப் பக்கம், பெல்ஜியத்தில் இருக்கிற ஆன்ட்வெர்ப்பில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது. இரண்டாவது வாரம், வியாழக்கிழமை மாலை. மேற்பார்வையாளர் என் தோளில் தட்டி, "மோர்கன் மூட் ஹெ நீட் கோமன்" என்றார். ஹெ என்பது இங்கத்திய நீ. நான் படித்த டச்சில் மூட் நீட் என்றால் அக்கா சொன்ன மாதிரி எச்சரிக்கை, "வந்துவிடாதே" என்கிற தொனி. என்ன தப்பு செய்தேன் என்று இரவெல்லாம் யோசித்தேன். வேலை போய்விட்டது என்றே முடிவு செய்து, மனைவியிடம் சொல்லவும் பயந்துகொண்டு, காலையில் வழக்கம்போல் டிஃபன் கட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். திங்கட்கிழமை தொலைபேசி வந்தது, ஏன் இன்று வரவில்லை என்று.

விஷயம் இதுதான். ஃப்ளாண்டர்ஸில், அதாவது பெல்ஜியத்தில் டச்சு பேசுகிற பகுதியில், மூட் நீட் என்றால் ஹூஃப்ட் நீட். "நாளை உனக்கு வேலை இல்லை, வர வேண்டியதில்லை" என்று அவர் நல்ல சேதிதான் சொல்லியிருக்கிறார். இங்கே பேச்சில் ஹூவன் அவ்வளவாகக் காதில் விழாது. 1980-லேயே நெதர்லாந்தும் பெல்ஜியமும் சேர்ந்து டால்யூனி என்கிற பொது டச்சு மொழி அமைப்பை அமைத்தார்கள், இரண்டு நாட்டுக்கும் எழுத்துவிதி ஒன்றுதான், பள்ளிப் பாடத்திலும் ஒரே மொழிதான். ஆனாலும் இந்த மூட் மட்டும் எல்லையில் சட்டையை மாற்றிக்கொள்கிறது.

ஒருவகையில் நமக்கு ஃப்ளாண்டர்ஸ்தான் வசதி. வேண்டும் என்பது மூட், வேண்டாம் என்பது மூட் நீட். தங்கச்சி அந்தச் செய்தியை ஆன்ட்வெர்ப்பில் "யூ மூட் நீட் கோமன்" என்று எழுதியிருந்தால் பாட்டி கோபித்திருக்க மாட்டார். மஃக் போட்டதற்கு இங்கேயும் மன்னிப்பு இல்லை.


பின்னிரவு ஷிஃப்ட் எழுதியது:

தம்பி, திங்கட்கிழமை என்ன பதில் சொன்னீர்கள் என்பதையும் எழுதியிருக்கலாம்!

தங்கச்சி, மஃக் கதை. பல் மருத்துவர், மருத்துவமனை, வங்கி, எங்கே போனாலும் இந்த மஃக் வரும். "யூ மஃக் ஹீர் டேகனன்", "யூ மஃக் யூ யஸ் அவுட்டூன்", கையெழுத்துப் போடுங்கள், கோட்டைக் கழற்றுங்கள். மூட் போட்டால் அதட்டுவது போல் இருக்கும் என்று மஃக் போட்டு மழுப்புகிறார்கள். நாமும் அலுவலகத்தில் "நீங்கள் உட்காரலாம்", "அடுத்தவர் வரலாம்" என்கிறோமே, அது அனுமதியா? வா என்பதைத்தான் மரியாதையாகச் சொல்கிறோம். எனக்குப் பிடிக்காத பழக்கம், ஏனென்றால் வயதானவர்களில் சிலர் உங்களைப் போலவே "வேண்டாம், நன்றி" என்று சொல்லிவிடுவார்கள். நான் "ஸிட்டன் மார்" என்று நேராகச் சொல்லிவிடுவேன்.

மஃக்கைக் கேட்பதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் "இக் வில் கோஃபி" என்று கேட்டால் தப்பில்லை, ஆனால் "எனக்குக் காபி வேணும்" என்று கையை நீட்டுகிற மாதிரி. "மஃக் இக் அன் கோஃபி?" என்றால் இதமாக இருக்கும். பாலாடைக்கட்டிக் கடையில் கத்தி கொஞ்சம் அகலமாக விழுந்துவிட்டால், "மஃக் ஹெட் ஈட்ஸ்யெ மேர் ஸெய்ன்?" என்பார்கள், கொஞ்சம் கூட இருந்தால் பரவாயில்லையா? பரவாயில்லை என்று சொல்லிவிட்டுத்தான் எல்லோரும் வருகிறோம்.

ஒரே ஒரு இடத்தில் மஃக் முழுக்க வேறு ஆள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அம்மா என்னைக் காட்டி இன்னொருவரிடம் "இக் மஃக் ஹார் வெல்" என்றார். எனக்கு இவரைத் தர அனுமதி இருக்கிறதா, என்னை என்ன பொருள் என்று நினைத்தார் என்று முகம் சுருங்கிப் போனேன். பிடித்திருக்கிறது என்று அர்த்தம்! பின்னால் வினை இல்லாமல் ஓர் ஆளைச் சொன்னால் மோகன் பிரியமாகிவிடுகிறான். அதே மாதிரி "இக் மூட் ஹெம் நீட்" என்றால் எனக்கு அவனைக் கண்டாலே ஆகாது.

இரட்டை வினை. எங்கள் குறிப்பேட்டில் தினமும் எழுதுவது: "மெவ்ரௌ ஹேஃப்ட் நீட் குன்னன் ஸ்லாபன்", அம்மாவால் தூங்க முடியவில்லை. நடந்து முடிந்ததைச் சொல்ல முன்னால் கெ ஒட்டுகிற விதிப்படி கெகுன்ட் வரவேண்டும் என்று தோன்றும். நானும் "நீட் கெகுன்ட் ஸ்லாபன்" என்று எழுதினேன், சக ஊழியர் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். பின்னால் இன்னொரு வினை இருந்தால் முன்னது கெ போடாது, இரண்டும் பச்சையாகவே நிற்கும். வினை இல்லாமல் தனியாக நின்றால்தான் "டட் ஹெப் இக் நோய்ட் கெகுன்ட்", அது எனக்கு வந்ததே இல்லை. இது தலைவலியாக இருந்தால் விட்டுவிடுங்கள். "இக் கொன் நீட் ஸ்லாபன்" என்று எளிய இறந்தகாலத்தில் சொன்னால் எந்தத் தேர்விலும் மதிப்பெண் போகாது. கொன், மூஸ்ட், மொஃக்ட், வில்ட, ஸவ், இந்த ஐந்தும் வாயில் நின்றால் போதும்.


கடைசி டி எழுதியது:

ஒரு சின்ன விஷயம், ஆனால் எழுத்துத் தேர்வில் கண்ணில் உறுத்தும். நீலச்சைக்கிள் பி1 என்பதால் ஸ்டாட்ஸ்எக்ஸாமன் என்கிற அரசு டச்சுத் தேர்வின் முதல் நிலை எழுதுவார் என்று நினைக்கிறேன். அதில் எழுதுவதும் ஒரு தனித் தாள்.

மற்ற வினைகளுக்குப் படர்க்கையில் டி ஒட்டுவோம்: இக் வெர்க், ஹெய் வெர்க்ட். இந்தத் துணைவினைகளுக்கு ஒட்டக்கூடாது. ஹெய் கன், ஹெய் மஃக், ஹெய் ஸல், ஹெய் வில். "ஹெய் வில்ட்" என்று டச்சுக்காரர்களே எழுதுவார்கள், ஆசிரியர்கள் சிவப்பு மையில் அடிப்பார்கள். காரணம் பழையது. குன்னன், மோகன், மூட்டன், ஸுல்லன் எல்லாம் ஒரு காலத்தில் இறந்தகால வடிவங்களாக இருந்து நிகழ்காலத்துக்குக் குடிவந்தவை, இறந்தகாலத்தில் படர்க்கைக்கு டி கிடையாது. வில்லன் மட்டும் வேறு வழி, "விரும்பினால்" என்கிற மாதிரியான பழைய வடிவத்திலிருந்து வந்தது, ஆனாலும் அதே கூட்டத்தில் சேர்ந்துவிட்டது. மூட்டில் இருக்கிற டி வேரிலேயே உள்ளது, ஒட்டியது இல்லை. ஹூவன் மட்டும் சாதாரண வினை மாதிரி ஹூஃப்ட் என்று டி வாங்கிக்கொள்ளும். அது இந்தக் குடும்பத்தில் பிறந்தது இல்லை, பெண் எடுத்த வீடு மாதிரி.

முன்னிலையில் யெ (நீ) குன்ட், யெ கன் இரண்டும் சரி, குன்ட் கொஞ்சம் சம்பிரதாயம். தேர்வில் குன்ட் எழுதுங்கள். கேள்வியாகத் திருப்பினால் டி உதிரும்: குன் யெ? வில் யெ? மரியாதையாக யூ (நீங்கள்) போட்டால் உதிராது: வில்ட் யூ?


நீலச்சைக்கிள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அண்ணா, பேருந்து நிறுத்தத்தில் டிஃபனோடு உட்கார்ந்திருந்ததைப் படித்துவிட்டுச் சிரிக்கவும் முடியவில்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

பாட்டி நேற்று மாலை பதில் அனுப்பினார். கட்டைவிரல் படம், அதன் கீழ் "கொம் மார் கோஃபி ட்ரிங்கன்", காபி குடிக்க வாயேன் என்று. மகளையும் தூக்கிக்கொண்டு போனேன். கையை வீசிக்கொண்டு போக மனம் வரவில்லை, ஒரு சின்னத் தொட்டியில் பூச்செடி வாங்கிப் போனேன். இந்த முறை கதவு முழுசாகத் திறந்தது. செடியைக் கையில் வாங்கியதும் பாட்டி, "ஆக், டட் ஹட் நீட் கெஹூவன்!" என்றார்.

நீட் என்று காதில் விழுந்ததும் எனக்குப் பக்கென்றது. திரும்பவும் ஏதோ தப்பு செய்துவிட்டேன், செடி பிடிக்கவில்லை, திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறார் என்று கையை நீட்டிவிட்டேன். பாட்டி செடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு எட்டுப் பின்னால் போனார். கெஹூவன் என்று ஹூவன் இருந்ததால் நல்ல விஷயம்தான் என்று பிறகு ஊகித்தேன். அக்கா, சரியா?


பின்னிரவு ஷிஃப்ட் எழுதியது:

சரிதான். "இதெல்லாம் எதுக்கும்மா?"